மேல் வரிசை, இடப்பக்கம், முதலாவது

படிவத்தில் பல்லுக்குப் பெயரில்லை, இலக்கம்தான்.
இருபத்தொன்று என்றால்
மேல் வரிசை, இடப்பக்கம், முதலாவது.
சிரிக்கையில் முந்திக்கொண்டு வருவது.
விழுகையிலும் அதுதான் முந்துகிறது.

கூழாவடியில் எனக்குத் தந்தது மூன்று ஒழுங்கை.
ஒரு டோர்ச், காம்பு வைத்த சின்னக் கண்ணாடி,
வெயிலில் ஒட்டிக்கொள்ளும் கையுறை ஒரு பெட்டி.
வாயைத் திறங்கள் என்று சொல்வதற்கு முதல்
கேற்றைத் திறக்க வேண்டும்.
கேற்றுக்கு அங்கால் நாய்.
அதற்கு ஒரு பல்லும் உடையவில்லை.

முதல் வீட்டுக் குணரெத்தினம்
நெக்டோப் போத்தலைப் பல்லால் திறந்தவர்.
ஐந்நூறு ரூபாய் பந்தயம்.
"வெண்டது நான்தான் தங்கச்சி"
உடைந்த மூலையை நாக்கு நுனி தடவுகிறது.
பந்தயத்துக்குப் படிவத்தில் பெட்டியில்லை.
'ஏனையவை' என்று எழுதினேன்.

கல்லடிப் பாலத்தடியில் மாட்டோடு மோதிய
மோட்டார்சைக்கிள்காரன் ஒருவன்.
மாடு எழும்பிப் போய்விட்டதாம்.
வெபர் மைதானத்தில் பந்து பிடிக்கப்போய்
வாயால் பிடித்த டிலோஜன்.
அவுட் கொடுத்தார்களா என்று கேட்டேன்.
கொடுக்கவில்லை.
அதுதான் அவனுக்கு இன்னும் நோகிறது.

மூன்று வீட்டில் ஒரே வசனம்:
"பைப்படியில சறுக்கி விழுந்துட்டன்."
மூன்று பைப்படியையும் பார்த்தேன்.
சொரசொரத்த சீமெந்து,
ஒன்றில் தண்ணீரே நாலு நாளாய் இல்லை.
மூன்றாம் வீட்டில் விடையைச் சொன்னது
யோகராணி அல்ல,
கதவு நிலையில் கை ஊன்றி நின்றவர்.
பல்லு மட்டும் அவளுடையது.
'விழுதல்' என்ற பெட்டிக்குள் சரி போட்டேன்.
பேனை எழுதவில்லை, இரண்டு தரம் உதற வேண்டியிருந்தது.

மில்லடி வீட்டுச் சந்தியாப்பிள்ளை
கீழ் வரிசையில் நாலைக் காட்டினார்.
எந்த வருசம்?
"தொண்ணூறு."
எதனால்?
"துவக்குச் சோங்கு."
படிவம் கேட்பது கடைசி ஐந்து வருசத்தை.
"அப்ப நான் கணக்கில இல்லயா" என்றவர்
பிளேன்ரீ ஊற்றித் தந்தார்,
சீனி கேட்காமலே இரண்டு கரண்டி போட்டு.

என் வாயிலும் இருபத்தொன்று கட்டுப்பல்.
எனது ஒழுங்கையைப் பிரித்துக் கொடுத்தது வேறு ஒருத்தியிடம்.
அவள் அங்கே கேற்றைத் தட்டிய நேரம்
நான் இங்கே தட்டிக்கொண்டு நின்றேன்.
வீடு பூட்டு என்று எழுதியிருப்பாள்.

கடைசி வீடு.
ஒன்பது வயது அபிலாஷ்,
முந்தநாள் ரியூசன் மதிலில் இருந்து குதித்தவன்.
உதடு வீங்கி, நடுவில் ஒரு கதவு திறந்தபடி.
வேரோடு வந்ததா?
"முழுசா வந்திச்சு மிஸ். வடிவா இருந்திச்சு."
அப்படியானால் கழுவித் தேய்க்காமல்
ஒரு கோப்பைப் பாலில் போட்டு
உடனே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக்
கொண்டு வந்திருந்தால்
திரும்ப நட்டிருப்பார்களே.
தாய் தமயந்தி என்னைப் பார்த்தாள்,
பிறகு முகட்டைப் பார்த்தாள்.
"கூரையில எறிஞ்சிட்டம்.
அணிலிட்டக் கேட்டு."

பாற்பல்லுக்குத்தான் அணில் மாற்றுத் தரும்,
இது இரண்டாம் பல்லு என்று சொல்ல
எனக்கு நேரம் எடுத்தது.
அதற்குள் பொடியன் கொய்யா மரத்தில் பாதி ஏறிவிட்டான்.
தகரத்தின் மேல் கிடந்தவை:
ஒரு செருப்பு, இரண்டு ரெனிஸ் பந்து,
காய்ந்த முருங்கைச் சுள்ளி.
தேடத் தேட வேறு இரண்டு பல்லும் அகப்பட்டன.
அக்காவுடையவை, சின்னன், மஞ்சள்.
அவனுடையது இல்லை.
"அணில் எடுத்திட்டுது" மேலேயிருந்து கத்தினான்,
குரலில் ஒரு சந்தோசம்.

கீழே தமயந்தி
என் படிவத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு,
மெதுவாய்,
"அப்ப அடுத்த முறை பாலில போடட்டா மிஸ்?
மாப்பாலும் சரிவருமா,
பசும்பால்தான் வேணுமா?"